வார்ப்புக் குண்டுக்கு நம்பகமான மருந்தளவு: கேள்வி பதில்

அமெரிக்காவில் சொந்தமாக ஈயக் குண்டு வார்த்து, ஒருமுறை சுட்ட பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மருந்தின் எடையை எண்ணாக நான் தரமாட்டேன். அந்த எண், ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தை அளந்தவர்கள் அச்சிட்ட பக்கத்திலிருந்துதான் உங்களுக்கு வர வேண்டும்.

கேள்வி: .357 மேக்னம் ரிவால்வருக்கு நிரப்புகிறேன். மூன்று கையேடுகளில் மூன்று அளவு இருக்கிறது. எதை நம்புவது? (டெக்சாஸ்)

மூன்றையும் நம்பலாம். ஆனால் ஒவ்வொன்றும் எதைச் சோதித்தது என்று முதலில் பாருங்கள். வார்ப்புக் குண்டுக்கென்றே லைமன் நிறுவனம் தனிக் கையேடு வெளியிடுகிறது; நான்காம் பதிப்பு 2010இல் வந்தது. அதில் குண்டின் எடை மட்டுமல்ல, அதை வார்க்கும் அச்சின் எண்ணும் ஈயக் கலவையும் தோட்டாவின் முழு நீளமும் இருக்கும். 358429 என்ற அச்சு எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் விட்டத்தைச் சொல்கின்றன: 0.358 அங்குலம். அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வடிவமைத்த அந்தக் குண்டின் மூக்கு நீளமானது. அதற்குரிய பள்ளத்தில் கூட்டின் வாயை மடித்தால், .357 கூட்டில் தோட்டா சில ரிவால்வர்களின் உருளையை விட்டு வெளியே நீட்டிக்கொள்ளும். எனவே சிலர் குண்டை இன்னும் உள்ளே அழுத்துகிறார்கள். உள்ளே மருந்துக்கான இடம் சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. குண்டின் எடை அதேதான். அட்டவணை மட்டும் இப்போது உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. பழைய கையேடுகளில் ஒரு சிறு செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். அந்த அலகில் .357 மேக்னத்தின் உச்சம் 45,000. இன்று மின் உணரியால் அளக்கும்போது உச்சம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றப் பொதுவான சூத்திரம் கிடையாது. "பழைய புத்தகம் 45,000 வரை போகிறது, புதியவர்கள் பயந்து குறைத்துவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கேள்வி: செம்பு உறை போட்ட குண்டின் அட்டவணையை ஈயக் குண்டுக்குப் பயன்படுத்தலாமா?

ஈயக் குண்டுக்கான அட்டவணையைத் தேடுங்கள். அதே எடை, அதே வடிவம், கூட்டுக்குள் குண்டு அமரும் அதே ஆழம் உள்ளதன் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுங்கள். தலைகீழாகச் செய்வது இன்னும் ஆபத்து. ஈயத்துக்கான மெல்லிய அளவில் உறை போட்ட குண்டை வைத்தால், அது குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். சத்தம் குறைவாகக் கேட்டால் நிறுத்துங்கள். குழலைச் சோதிக்காமல் அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள்.

கேள்வி: மென்மையாகச் சுட வேண்டும். மருந்தைப் பாதியாகக் குறைத்தால் போதுமா?

மருந்தைப் பொறுத்தது. எச்4895 மருந்தை, அது பட்டியலிடப்பட்டுள்ள தோட்டாக்களில் உச்ச அளவில் 60 சதவீதம் மிஞ்சும் வரை குறைக்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. அதே நிறுவனம் எச்110 மருந்தை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்கிறது. குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலில் சிக்கக்கூடும். ஒரே விற்பனையாளரின் இரண்டு டப்பாக்களுக்கு இரண்டு நேர்மாறான விதிகள். டப்பாவின் முழுப் பெயரையும் படியுங்கள்: எச்4831 வேறு, ஐஎம்ஆர்4831 வேறு.

கேள்வி: என் குண்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அச்சைத் தயாரித்தவரிடம் கேளுங்கள், அடுத்து மருந்து நிறுவனத்திடம். இருவரும் பதில் தராவிட்டால் வேறு அச்சு வாங்குங்கள்.

கேள்வி: குழலில் ஈயம் ஒட்டுகிறது. கடினமான கலவைக்கு மாறினேன், இன்னும் அதிகமாக ஒட்டுகிறது! (ஓஹாயோ)

கடினத்தன்மையைக் குறை சொல்வதற்கு முன் விட்டத்தை அளந்திருக்க வேண்டும். மென்மையான ஈயத் துண்டைக் குழல் வழியே தட்டி இறக்கி, மைக்ரோமீட்டரில் அளவு எடுங்கள். குண்டு அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது பெரிதாக இருக்க வேண்டும். ரிவால்வரில் உருளையின் வாய்களையும் அளந்து பாருங்கள். அவை குழலைவிடச் சிறியவை என்றால், பொருத்தமான குண்டைக்கூட அவையே இழைத்துச் சிறிதாக்கிவிடும். பிறகு சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துக் குழலில் பூசும். கடினமான குண்டு விரிந்து அந்த இடைவெளியை அடைக்காது.

மறுப்பு: கடினத்தன்மையைச் சொல்லும் பிரினெல் எண்ணை 1,422 ஆல் பெருக்கினால் குண்டு தாங்கும் அழுத்தம் வரும். அதை மீறினால் ஒட்டத்தான் செய்யும்.

இந்தச் சூத்திரத்தின் பெயரால் எத்தனையோ பேர் தேவையில்லாமல், அச்சகங்களில் எழுத்து வார்த்த கடினமான ஈயக் கலவைக்கு அலைகிறார்கள். கீத் பயன்படுத்தியது 16 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். அதன் பிரினெல் எண் சுமார் 11. உங்கள் கணக்குப்படி அது 15,600 பவுண்டுதான் தாங்கும். .44 மேக்னத்தின் உச்சமோ 36,000. அவர் அந்தக் கலவையை அந்தத் தோட்டாவிலேயே சுட்டார்.

மீண்டும் அவரே: அது கைத்துப்பாக்கி. ரைஃபிளில் நொடிக்கு 2,000 அடி வேகத்தில் மென்மையான குண்டு குழலுக்குள் இருக்கும் சுழல் வரிகளைப் பிடிக்குமா?

பிடிப்பது கடினம், ஒப்புக்கொள்கிறேன். அங்கே கடினமான கலவையும் அடியில் செம்புத் தொப்பியும் வேண்டும். ஆனாலும் பொருத்தம் சரியில்லாத குண்டை எந்தக் கலவையும் காப்பாற்றாது. இதற்கு மேல் இந்த விவாதத்தை வளர்க்க வேண்டாம். கீழே கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: தாத்தா காலத்து .45-70 ஸ்பிரிங்ஃபீல்டு வாங்கியிருக்கிறேன். எந்த அட்டவணை?

நல்ல கையேடுகள் இந்த ஒரே தோட்டாவுக்கு மூன்று அட்டவணை தருகின்றன: 1873 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒன்று, நெம்புகோல் ரைஃபிள்களுக்கு ஒன்று, ரூகர் நம்பர் 1 போன்ற வலுவானவற்றுக்கு ஒன்று. உங்களுக்கு முதலாவது மட்டும். மூன்றாவது அட்டவணைத் தோட்டா உங்கள் துப்பாக்கியிலும் தடையில்லாமல் உள்ளே போகும்; அதன் அழுத்தத்தை அந்தத் துப்பாக்கி தாங்காது. அதனால்தான் பெட்டியின் மேல் எந்தத் துப்பாக்கிக்கு என்று பெரிதாக எழுதச் சொல்கிறேன். சுடும் முன் அதை ஒரு துப்பாக்கிப் பழுதாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: செம்பு உறைக் குண்டின் அளவில்...

மேலே இருக்கிறது.

கேள்வி: வீடியோவில் ஒருவர் சொன்ன அளவு...

வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் இதைச் செய்யலாமா?

உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்து அங்கே சுடுங்கள்.

கேள்வி: .38 ஸ்பெஷலில் இரண்டு முறை மருந்து விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள். கரிமருந்துக் காலத்தில் பிறந்த கூடு அது, உள்ளே இடம் தாராளம். வேகமாக எரியும் மருந்து அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு அளவு விழுந்தாலும் வழியாது. கூடுகளைப் பலகையில் நிறுத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். ஒன்றின் மட்டம் மற்றவற்றைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடைபோட்டு ஊற்றுங்கள். பார்த்து முடித்த பிறகுதான் குண்டை வைக்க வேண்டும். நடுவில் தொலைபேசி அடித்தால், திரும்பி வந்ததும் முதல் கூட்டிலிருந்து பாருங்கள்.