அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளை நான் வெளியிடலாமா?

கேள்வி: மறைந்த என் தந்தை மாயப் புனைவு நாவல்கள் எழுதியவர். மூன்று நாவல்கள் வெளிவந்துள்ளன. அவற்றின் முதல் வரைவுகளும், அவர் கற்பனையில் படைத்த தெய்வங்களின் புராணமும் நோட்டுகளிலும் மடிக்கணினியிலும் இருக்கின்றன. "என் கையெழுத்துப் பிரதிகள் மகனுக்கு" என்று உயிலில் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் பல வருடங்களாகத் தட்டச்சு செய்தவன் நான். ஒரு வரிகூடப் படிக்காத தங்கை, "அரைகுறையை வெளியிட்டு அப்பா பெயரைக் கெடுக்காதே" என்கிறாள். அம்மா என் பக்கம். பதிப்பாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

பதில்: தங்கை படித்தாரா, நீங்கள் எவ்வளவு தட்டச்சு செய்தீர்கள் என்பதெல்லாம் வழக்கில் நிற்காது. நிற்கப்போவது உயிலில் உள்ள அந்த ஒரு வரிதான்.

நோட்டு கையில் இருப்பதால் மட்டும் பதிப்புரிமை வந்துவிடாது. ஆனால் எழுதியவர் சாகும்வரை வெளிவராத படைப்பின் கையெழுத்துப் பிரதியை உயில் மூலம் ஒருவருக்குக் கொடுத்திருந்தால், வேறு நோக்கம் உயிலில் தெரியாதவரை, பதிப்புரிமையும் சேர்ந்தே போகும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 20. ஆக, நோட்டில் உள்ள புராணம் பெரும்பாலும் உங்களுடையது.

சிக்கல் மற்றதில். மடிக்கணினியில் உள்ள கோப்பு 'கையெழுத்துப் பிரதி'யா? தங்கையின் வழக்கறிஞர் இல்லை என்றுதான் வாதிடுவார். வரைவுகள் இன்னும் மோசம். வெளிவந்த நாவலின் பத்திகள் அப்படியே அவற்றில் இருக்கும். வெளிவந்ததற்குப் பிரிவு 20 உதவாது. அந்த உரிமை உயிலில் தனியாக யாருக்கும் எழுதப்படாவிட்டால் எல்லா வாரிசுகளுக்கும் பொது. பழைய ஒப்பந்தங்களைப் பொறுத்து, பழைய பதிப்பாளருக்கும் அதில் பிடி இருக்கலாம்.

இந்த நிலையில்தான் பதிப்பாளர் ஒப்பந்தம் நீட்டுகிறார். அதன் கடைசிப் பக்கங்களில் "நானே முழு உரிமையாளர், யாராவது உரிமை கோரினால் இழப்பை நானே ஈடுசெய்வேன்" என்ற உறுதிமொழி இருக்கும். முன்பணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்கள்தான் என்னிடம் கட்சிக்காரர்களாக வருகிறார்கள். தங்கையின் ஒரே நோட்டீஸில் பதிப்பாளர் அச்சை நிறுத்துவார். அப்புறம் முன்பணம், அச்சுச் செலவு, வழக்குச் செலவு எல்லாம் உங்கள் தலையில். "இந்த உலகின் கதாபாத்திரங்கள் அனைத்தும், எல்லா ஊடகங்களிலும்" என்ற வரியும் இருந்தால், எல்லா வாரிசுகளுக்கும் பொதுவான நாவல் பாத்திரங்களையும் நீங்கள் தனியாக விற்றதாகிவிடும்.

இன்னொன்று. வரைவில் விட்டுப்போன இடங்களை நீங்களே எழுதி நிரப்பி, முழுவதையும் அப்பா பெயரில் போடாதீர்கள். அரைகுறையாக வெளியிடுவதைச் சிதைத்தல் என்று சொல்வது கடினம். ஆனால் அப்பா எழுதாததை அவர் பெயரில் சேர்த்தால், படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் பிரிவு 57-ஐச் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் எடுக்கத் தங்கைக்கு வழி கிடைக்கும்.

வழக்கில் ஜெயிக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். சமரசமாகப் போங்கள். வரைவு நூல்களின் வருமானத்தில் தங்கைக்கும் அம்மாவுக்கும் பங்கு கொடுங்கள். அச்சுக்கு முன் பார்க்கும் உரிமையைத் தங்கைக்குக் கொடுங்கள். பதிலுக்கு இருவரிடமும் உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்குங்கள். அம்மாவின் வாய்ச்சொல் போதாது. காலம், எல்லை இரண்டையும் அதில் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அவசரமும் இல்லை. இறந்தபின் முதன்முதலில் வெளியாகும் படைப்புக்கு 60 ஆண்டுக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் ஓடத் தொடங்கும். உரிமை மாற்றம் எழுத்தில் கைக்கு வரும்வரை பதிப்பாளருக்கு மின்னஞ்சலில்கூட 'சரி' என்று எழுதிவிடாதீர்கள்.