கடந்தை கொட்டியவர் மாத்திரையை நம்பி மரம் ஏறலாமா?

கேள்வி: சென்ற மாதம் தென்னை மரத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த என் தம்பியைக் கடந்தைக் குளவி கொட்டிவிட்டது. இறங்கிய சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சிரைத்து, மயங்கி விழுந்தான். மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்ட பிறகே தெளிந்தான். இனிமேல் சிட்ரிசின் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு மரம் ஏறினால் போதும் என்று சொல்கிறார்கள். சரிதானா?
– ஒரு வாசகி, ஆனைமலை

பதில்: போதாது. அந்த மாத்திரையை நம்பி அவரை மரம் ஏற விடாதீர்கள்.

முன்பு எப்போதோ கொட்டியபோது அவர் உடலில் அந்த நஞ்சுக்கு எதிராக ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புரதம் உருவாகியிருக்கும். மீண்டும் நஞ்சு ஏறியதும் அது ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒரே நேரத்தில் வெளியேறச் செய்ய, இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழுகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. சிட்ரிசின் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். விழுந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தாது, மூச்சுக்குழாயையும் திறக்காது. அவ்விரண்டையும் செய்வது அட்ரினலின் என்னும் ஊசி மருந்து. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் அளவில் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும் போடலாம். கொட்டுப்பட்டு இறந்தவர்களைப் பற்றிப் பிரிட்டனில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், அவர்களில் பாதிப் பேருக்கு 15 நிமிடத்துக்குள்ளாகவே இதயமோ மூச்சோ நின்றிருந்தது. தோப்பிலிருந்து மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் மயங்கியவரை இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டது. அக்கறையோடுதான் செய்கிறார்கள், ஆனால் அழுத்தம் விழுந்தவரை நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து உயிரே போகலாம். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் மிகுந்தால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும், நடக்க விடாதீர்கள். 108ஐ அழைக்கும்போதே, பூச்சி கொட்டியதையும் மூச்சுத் திணறலையும் சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்க நேரமில்லை.

நிலையான பாதுகாப்புக்கு, அந்த நஞ்சையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் நஞ்சுத் தடுப்புச் சிகிச்சை உண்டு. முன்பு, தூய நஞ்சுக்குப் பதிலாகப் பூச்சியின் முழு உடலையும் அரைத்தெடுத்த சாற்றை ஊசியாகப் போடுவதே பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அதைச் சோதித்து 1978இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் கொட்டுப்பட்டவர்களில், சாறு பெற்ற 11 பேரில் 7 பேருக்கும், மருந்தில்லாத ஊசி பெற்ற 12 பேரில் 7 பேருக்கும் உடல் முழுவதும் ஒவ்வாமை வந்தது. தூய நஞ்சைச் சிறுகச் சிறுகக் கூட்டிப் பெற்ற 18 பேரில் ஒருவருக்கு மட்டுமே வந்தது. அத்தனை ஆண்டுகள் சாற்றை நம்பி மறுபடியும் கொட்டுப்பட்ட நோயாளிகளை நினைத்தால் மனம் வலிக்கிறது. இன்று இச்சிகிச்சை 3 முதல் 5 ஆண்டுகள் வரை தொடரும்.

கொட்டிய உடனே செய்யும் பரிசோதனையில் ஒவ்வாமை தெரியாமல் போகலாம். 4 முதல் 6 வாரம் கழித்து ஒவ்வாமை நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். கொட்டியது கடந்தையா தேனீயா என்பதைத் தவறாமல் சொல்லுங்கள், ஏனெனில் சிகிச்சைக்குரிய நஞ்சு அதைப் பொறுத்தே அமையும். அதுவரை அவர் கீழிருந்து காய் உரிக்கும் வேலையைப் பார்க்கட்டும். தோப்பில் கூடு தென்பட்டால் நீங்களே கலைக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.