ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் நிலவாகைச் சூரணம் கேட்கவில்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. மலச்சிக்கலுக்கு இரவில் ஒரு டீஸ்பூன் நிலவாகைச் சூரணத்தை வெந்நீரில் கலந்து குடிப்பார். பல் பிடுங்கியதற்காக அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாள் சாப்பிட்டார். போன வாரம்தான் முடிந்தது. அதிலிருந்து சூரணம் வேலை செய்யவில்லை. அதே டப்பாதான். கடைக்காரர், "வீரியம் போயிருக்கும், ரெண்டு ஸ்பூன் போடுங்க, இல்லேன்னா ஸ்பெஷல் பொடி இருக்கு" என்கிறார். அம்மா பிபிக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறார். என்ன செய்யலாம்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அளவைக் கூட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அதே டப்பா என்பதால் சூரணத்தைச் சந்தேகப்பட வேண்டாம். அதை மருந்தாக மாற்றித் தருகிற பாக்டீரியாக்கள் அம்மாவின் குடலில் குறைந்துபோயிருக்கக்கூடும்.

நிலவாகையில் இருக்கும் சென்னோசைடு அப்படியே வேலை செய்வதில்லை. இரைப்பை, சிறுகுடல் தாண்டிப் பெருங்குடல் வரை பெரும்பாலும் மாறாமல் போகிறது. அங்கே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரையை வெட்டி எடுத்து, ரெய்ன் ஆந்த்ரோன் என்ற பொருளாக்குகின்றன. குடலைத் தள்ளவைப்பது இதுதான். இரவு குடித்தது 6 முதல் 12 மணி நேரம் கழித்துக் காலையில் கேட்பதும் இதனால்தான். மெட்ரோனிடசோல் கொல்வது காற்றில்லாமல் வாழும் இந்த வகையைத்தான். பல்லுக்காகப் போட்டாலும் அது குடலையும் விட்டுவைக்காது.

கரியபோளத்திலும் (கற்றாழைச் சாற்றை உறையவைத்த பேதி மருந்து) இதே கதை. அதிலுள்ள பார்பலாயினை, குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஜப்பானில் கொடுத்துப் பார்த்தார்கள். பேதியாகவில்லை. மனிதக் குடலிலிருந்து எடுத்த ஒரே ஒரு வகை பாக்டீரியாவைக் குடியேற்றியபின் பேதியானது.

மில்லில் ஆள் இல்லாதபோது இரண்டு மூட்டை நெல்லை இறக்கி என்ன பயன்? சும்மா கிடந்தால்கூடப் பரவாயில்லை. பாக்டீரியாக்கள் திரும்பிவரும் நாளிலும் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தால் வயிற்றைப் பிடுங்கும், தண்ணீராகப் போகும், பொட்டாசியம் இறங்கும். அம்மாவின் பிபி மாத்திரையும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிற வகை.

அடுத்து, அந்த "ஸ்பெஷல் பொடி". வாங்காதீர்கள். டின்னவெல்லி சென்னா என்று உங்கள் ஊர்ப் பெயரிலேயே உலகமெல்லாம் விற்கிற சரக்கு இது. அதில் ஆவாரை இலையைக் கலப்பதும் அதே அளவு பழைய தொழில். பொடியாக அரைத்துவிட்டால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லேபிள், தயாரிப்பு உரிம எண், தேதி இல்லாத பொட்டலம் எவ்வளவு ஸ்பெஷலாக இருந்தாலும் கடையிலேயே இருக்கட்டும்.

குடல் பாக்டீரியா என்று சொன்னதும் புரோபயாடிக் மாத்திரையோடு ஒருவர் வந்து நிற்பார், வீட்டுக்கே வந்து மலப் பரிசோதனை செய்கிறோம் என்று இன்னொருவர். அந்த மாத்திரைகளில் வழக்கமாக இருக்கும் லாக்டோபாசில்லஸை நம்பி இந்த வேலையை ஒப்படைக்க முடியாது. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் சொந்தக் கிருமிகள் திரும்பிவரத் தாமதமானது. மோர் குடிக்கட்டும், தப்பில்லை. பணம் செலவழிக்க வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் நீங்கள் பொறுத்திருக்கக் கூடாது. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பேதிச் சூரணங்கள் சிலவற்றில் நிலவாகையோடு அதிமதுரமும் இருக்கும். லேபிளில் யஷ்டிமது, முலேத்தி என்றும் போட்டிருப்பார்கள். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசினையும் குடல் பாக்டீரியாதான் வெட்டுகிறது. வெட்டியபின் வருகிற பொருள் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் ஒரு என்சைமைத் தடுக்கிறது. உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பிபி ஏறும், பொட்டாசியம் போகும். பேதியில் கொஞ்சம், பிபி மாத்திரையில் கொஞ்சம், அதிமதுரத்தில் கொஞ்சம் என்று மூன்று வழியிலும் பொட்டாசியம் போனால் கை கால் சோர்ந்துவிடும், நெஞ்சு படபடக்கும். இருமலுக்கு எப்போதாவது ஒரு துண்டு அதிமதுரம் மெல்லுவதைச் சொல்லவில்லை. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் எடுப்பதைச் சொல்கிறேன். உங்கள் டப்பாவில் அது இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள்.

இதையெல்லாம் மாத்திரை எழுதியவர் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஓ.பி. சீட்டில் நாட்டு மருந்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் ஆங்கில மருத்துவமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. ஒரே நோயாளி இங்கே ஒரு சீட்டு, அங்கே ஒரு சீட்டு வாங்குகிறார். அவர் சீட்டை இவர் பார்ப்பதில்லை, இவர் சீட்டை அவர் பார்ப்பதில்லை. வயிறு மட்டும் ஒன்றுதான்.

பொறுக்கச் சொன்ன அந்த இரண்டு மூன்று வாரமும் நிலவாகைக்குப் பதில் இரவில் இசப்கோல் ஒரு ஸ்பூன், கூடவே பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர். அப்புறம் நிலவாகையை அரை ஸ்பூனில் தொடங்கலாம், அதுவும் தினமும் வேண்டாம். வயிறு உப்பி, வாயுகூடப் பிரியாமல், வாந்தியும் வந்தால் சூரணத்தையும் இசப்கோலையும் ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.