சைனாடவுன் (1974): வறட்சியில் தண்ணீரைக் கடலில் விடுவது ஏன்?

‘சைனாடவுன்’ படத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் செயற்கையாக வறட்சியை உண்டாக்கத்தான் இரவில் தண்ணீரைக் கடலுக்குத் திறந்துவிடுகிறார்கள். நகரம் தவித்தால்தான் புதிய அணைக்கான கடன் பத்திரத்துக்கு மக்கள் இசைவார்கள்.

படம் பார்த்துவிட்டு, ‘இதில் வில்லனான செல்வந்தர் கிராஸுக்கு என்ன லாபம்?’ என்ற இடத்தில் நீங்கள் நிற்பதற்குக் காரணம், அணைநீர் நகரத்துக்கு வரும் என்று நம்பியதாக இருக்கலாம். அது போகப்போவது நகருக்கு வெளியே உள்ள விவசாயப் பள்ளத்தாக்குக்கு. அங்குள்ள விவசாயிகளை வாட்டி, அடிமாட்டு விலைக்கு நிலத்தை வளைத்துப்போடுகிறது கிராஸின் கூட்டம்.

இந்த வரிசையில் மறுபடி பாருங்கள்:

1. பதிவேட்டு அலுவலகத்தில் துப்பறிவாளர் கிட்டெஸ் கிழித்தெடுக்கும் பக்கம். பள்ளத்தாக்கில் நிலம் வாங்கியவர்களின் பெயர்கள் அதில்தான் இருக்கின்றன.
2. ஆரஞ்சுத் தோட்டம். நீர்வாரியம் தொட்டிகளைத் தகர்த்துக் கிணறுகளில் நஞ்சிட்டதாக விவசாயிகள் குமுறுகிறார்கள்.
3. இரங்கல் செய்தி. இறந்து ஒரு வாரம் கழிந்த ஒருவர் பெயரில் நிலம் வாங்கப்பட்டிருக்கிறது! முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பினாமியாக்கிய சூழ்ச்சி இங்கேதான் உடைகிறது. படத்தின் மிகச் சிறந்த முடிச்சு இதுவே.

ஒன்று: இதை அப்படியே வரலாறாகக் கொள்ளாதீர்கள். படக்கதைக்கு வித்திட்ட நிஜக் கால்வாய், அதாவது ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு நீர் கொணர்ந்த கால்வாய், 1913-லேயே திறக்கப்பட்டது. படம் நடப்பதோ 1937-இல். படத்தில் வரும் கொலையும் கிராஸின் குடும்பக் கதையும் கற்பனை.