'கல்' தேடினால் கல்லூரி வருகிறதே?

கேள்வி: என் கட்டுரைகளில் 'கல்' என்ற சொல் வரும் இடங்களை மட்டும் மஞ்சளாக்க பைத்தான் நிரல்மொழியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சுருக்கமாக ரீஜெக்ஸ், உரையில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் சொல்லும் முறை) எழுதினேன். சொல் எல்லைக்கான பின்சாய்வுக்கோடு-பி (\b) இருபுறமும் போட்டிருக்கிறேன். ஆனால் தனியாக நிற்கும் 'கல்' அப்படியே இருக்கிறது, கல்வி, கல்லூரியில் இருக்கும் 'கல்' மஞ்சளாகிறது. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கணிப்பொறியில் கோளாறு எதுவும் இல்லை. பைத்தானில் ரீஜெக்ஸைக் கையாளும் 're' தொகுதி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. கணிப்பொறிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் தரமான யூனிகோடில் புள்ளியும் கால், கொம்பு போன்ற குறிகளும் எழுத்து வகையில் இல்லை, அவை தனி வகை. அதனால் 'கல்' முடியும் இடத்தில் புள்ளி, அதற்கடுத்து இடைவெளி, இரண்டுமே அதற்குச் சொல் அல்லாதவை, சொல்லும் சொல் அல்லாததும் சந்திக்காததால் எல்லையே இல்லை என்று முடிவு செய்கிறது. கல்வியிலோ புள்ளிக்குப் பின் 'வ' வருவதால் அங்கே எல்லை இருப்பதாக நினைக்கிறது. பிரவுசர்களில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் மோசம், அங்கே தமிழ் எழுத்து எதுவுமே சொல்லில் சேராது.

இந்த \b நம் மொழிக்காக யோசித்துச் செய்த குறி அல்ல, அதை விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்து எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்:

(?<![ஃ-௺])கல்(?![ஃ-௺])

முன்னாலும் பின்னாலும் தமிழ் எழுத்தோ குறியோ இருக்கக் கூடாது என்று பொருள். பைத்தானிலும் இன்றைய பிரவுசர்களிலும் இது வேலை செய்யும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. கல்லை, கல்லில், கல்லால் எல்லாம் வேண்டும், ஆனால் கல்லீரல் வேண்டாம். 'கல்லைத் தூக்கி' என்று வல்லினம் மிகும். பன்மையிலோ வேரே மாறி கற்கள் ஆகிவிடும், அதற்காக 'கற்' என்று சுருக்கித் தேடினால் கற்பனையும் கற்பூரமும் சேர்ந்து வரும். ஆகவே:

(?<![ஃ-௺])(கல்(லை|லில்|லால்)?(க்|ச்|த்|ப்)?|கற்கள[ஃ-௺]*)(?![ஃ-௺])

மற்ற வேற்றுமை உருபுகளை உள் அடைப்பில் சேர்த்துக்கொண்டே போங்கள். 'கற்றுக்கொள்' என்ற பொருளில் வரும் கல்லும் மஞ்சளாகத்தான் செய்யும், அதை எந்த ரீஜெக்ஸாலும் பிரிக்க முடியாது, கண்ணால் பார்த்துத்தான் நீக்க வேண்டும்.

'கல்லோடு' சேர்க்கும்போது மட்டும் கவனம். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம், திரையில் வித்தியாசமே தெரியாது, தேடலில் ஒன்று கிடைக்கும் மற்றது கிடைக்காது. தேடுமுன் உரை, தேடும் சொல் இரண்டையும் என்எஃப்சி (NFC, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மஞ்சள் பூசும்போது எழுத்தின் நடுவில் வெட்டாதீர்கள். 'கல' வரை மட்டும் நிறமடித்து 'கலை'யின் ஐகாரக் குறியை வெளியே விட்டால், அந்தக் குறி சில இடங்களில் புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். பின்னால் போட்ட அந்த (?![ஃ-௺]) இதையும் தடுத்துவிடுகிறது, அதனால் அதை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம்.