19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநில கிராமங்களில் சந்தேகச் சாவை யார் விசாரித்தார்கள்?

கரோனர். கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகப் பகுதியின் அதிகாரி இவர். அடிதடியிலோ மர்மமாகவோ யாராவது இறந்தால், அக்கம்பக்கத்து ஆண்களை ஜூரியாகக் கூட்டி, பிணத்தைக் காட்டி விசாரிப்பார். காயம் எங்கே, எத்தனை அங்குல ஆழம் என்றெல்லாம் எழுதிக்கொள்வார்கள். பிணம் கெடாமல் வைக்க வசதியில்லாததால் எல்லாம் அவசரம்தான். விபத்தில் சிக்கிய வண்டியை நகர்த்துவதற்குள் அளவெடுப்பது மாதிரி.

தென் கரோலைனா போன்ற மாநிலங்களில் அடிமைகள் இறந்தாலும் இந்த விசாரணை உண்டு. ஆனால் 1865-க்கு முன்பு வெள்ளையருக்கு எதிராக அடிமைகள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவே முடியாது. கண்ணால் பார்த்தவர் வாயைச் சட்டமே கட்டிவிட்டபோது, பழைய ஏட்டில் ‘விபத்து’ என்றிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அப்புறம், கரோனர் என்றால் டாக்டர் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று அவருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.