மாடல் நின்றுபோனால் துப்பாக்கியும் நின்றுபோகுமா? ஏர் ரைபிள் கேள்வி பதில்

இருபது வருடத்துக்கும் மேலாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறேன். இப்போது சுடுவதைவிட, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பதில்தான் அதிக நேரம் போகிறது. ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் எல்ஜி 500 என்ற புது ஏர் ரைபிளைக் கொண்டுவந்ததிலிருந்து, அதன் முந்தைய மாடலான எல்ஜி 400 வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே கவலை: இதை நிறுத்திவிடுவார்களோ, நிறுத்தினால் நம் கதி என்ன? வந்த கேள்விகளில் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சென்னை, ஒரு தாய்): சார், பையனுக்கு எல்ஜி 400 வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. நகையை அடகு வைத்து வாங்கினோம். அந்த மாடல் ரொம்ப நாள் வராது என்கிறார்கள். நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிட்டுப் புதியது வாங்கிவிடலாமா?

விற்காதீர்கள் அம்மா. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இந்தத் துப்பாக்கியில் குழல் தேய்வது என்பது கிட்டத்தட்ட இல்லை. அரை கிராம் சொச்சம் எடையுள்ள மெல்லிய ஈயக் குண்டு, வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகம், வெடிமருந்தும் கிடையாது சூடும் கிடையாது. உங்கள் பையன் சுட்டு முடித்து அவன் பிள்ளை சுட வந்தாலும் அந்தக் குழல் இருக்கும். தேய்வதெல்லாம் ரப்பர் சீல், வால்வு, சின்னச் சின்ன ஸ்பிரிங், இவ்வளவுதான். எல்ஜி 400 வந்தபோது எல்ஜி 300-க்கும் இதே பேச்சு வந்தது, இன்றைக்கும் எங்கள் ரேஞ்சில் எல்ஜி 300 வைத்து நல்ல ஸ்கோர் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம் இன்னொன்று, துப்பாக்கியை மாற்றினால் பட் பிளேட் (தோளில் பதிகிற பகுதி), சீக் பீஸ் (கன்னம் வைக்கிற பகுதி), ட்ரிக்கர் எடை (விசையை இழுக்க வேண்டிய அழுத்தம்) எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும், உடம்பு அதற்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பணத்தில் நல்ல பெல்லட் (ஈயக் குண்டு) வாங்கிக் கொடுங்கள், அவன் துப்பாக்கிக்கு எந்த பேட்ச் ஒத்துப்போகிறது என்று சோதித்து வாங்குங்கள், ஸ்கோரில் அது தெரியும்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): அண்ணா, மாடல் நிற்பதற்கு முன்னால் எதையாவது வாங்கி வைக்கணும்னா எதை வாங்கணும்?

சிலிண்டர் தம்பி, துப்பாக்கிக்கு அழுத்தக் காற்றைக் கொடுக்கிற குழாய். மற்றதெல்லாம் அப்புறம்.

காற்றுச் சிலிண்டரின் மேல் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும், உன்னுடையதைத் திருப்பிப் பார். தயாரிப்பாளர்கள் பொதுவாக அந்தத் தேதியிலிருந்து 10 வருடம்தான் கணக்கு வைக்கிறார்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் கூட்டமைப்பின் விதிப்படி சிலிண்டர் காலாவதி ஆகாமல் இருப்பது சுடுகிறவரின் பொறுப்பு, உபகரணச் சோதனையில் அதைப் பார்க்கலாம். ஒரு மாநிலப் போட்டியில் என்னிடம் பயிலும் பெண் வரிசையில் நின்று சோதனை மேசை வரைக்கும் போய்விட்டாள், அங்கே இருந்தவர் சிலிண்டரைக் கையில் உருட்டி, எழுத்தின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்து, "இது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சேம்மா" என்றார். அவளுடைய முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பக்கத்து மாவட்டப் பையன் ஒருவன் தன்னுடைய உபரிச் சிலிண்டரைக் கொடுத்ததால் அன்றைக்குச் சுட்டாள். தப்பு என்னுடையது, நான்தான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

அதனால் பயந்துபோய் மூன்று சிலிண்டரை ஒரே நாளில் வாங்கிவிடாதே. பத்து வருடம் என்பது நீ வாங்கிய நாளிலிருந்து இல்லை, தயாரித்த நாளிலிருந்து. மூன்றும் ஒன்றாக வாங்கினால் மூன்றும் ஒன்றாகக் காலாவதி ஆகும், இரண்டு அலமாரியிலேயே வயசாகிப் போகும். இப்போது ஒன்று, மூன்று நான்கு வருடம் கழித்து இன்னொன்று, நிறுத்துகிறோம் என்று அறிவிப்பே வந்துவிட்டால் அப்போது கிடைப்பதிலேயே புதிய தேதி உள்ள ஒன்று. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்.

கேள்வி (மதுரை): சிலிண்டருக்கு அடுத்து என்ன வாங்கலாம்? பிரஷர் மெதுவாக இறங்குகிறது, மாடல் பழசானதால்தானா?

மாடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிலிண்டரும் துப்பாக்கியும் சேருகிற இடத்தில் ஒரு ஓ-ரிங் இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு வளையம். சோப்புத் தண்ணீரை ஒரு சின்ன பிரஷ்ஷில் தொட்டு அந்த இணைப்பைச் சுற்றித் தடவுங்கள். நுரை ஒரே இடத்தில் மெல்ல மெல்ல உப்பி, உடைந்து, மறுபடி உப்பினால் கசிவு அங்கேதான். வளையத்தைக் கழற்றி விரலால் அழுத்திப் பாருங்கள், நல்லது ரப்பர் போல அமுங்கும், கெட்டது பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும். உங்கள் மாடலுக்கான சீல் செட் இரண்டு வாங்கி, வெயில் படாத டப்பாவில் வையுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வழவழப்பாக இருக்கட்டும் என்று காற்று போகிற பாதையில் எண்ணெய் விடாதீர்கள். உயர் அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. கைப்பம்பில் அடித்தால் ஈரமும் உள்ளே போகும், கடலோர ஊர்களில் ரொம்பவே. டைவிங் சிலிண்டரிலிருந்து உலர்ந்த காற்றை நிரப்புவது நல்லது, அதுவும் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) என்று எழுதியிருந்தால் 200-தான். 300 தாங்கும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கேள்வி (திருச்சி): நின்றுபோன மாடலுக்குப் பிற்காலத்தில் விலை ஏறும், இரண்டு வாங்கிப் போட்டால் லாபம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

அமெரிக்காவில் வின்செஸ்டர் மாடல் 94-க்கு நடந்ததைச் சொல்கிறேன். 1894-இல் வந்த, லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற ரைபிள் அது, 70 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். 2006-இல் நியூ ஹேவன் ஆலையை மூடியபோது, இனி வராது என்று எல்லோரும் ஓடிப்போய் வாங்கினார்கள், விலையும் ஏறியது. நான்கே வருடத்தில், 2010-இல், ஜப்பானில் மிரோக்கு தொழிற்சாலையில் செய்து அதே பெயரில் திரும்பவும் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய துப்பாக்கிக்கு மதிப்பு வைக்கிற சேகரிப்பாளர்கள் அங்கே நிறைய, அதனால் வாங்கிப் போட்டவர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். நம் ஊர் ஏர் ரைபிளில் அதுவும் கிடையாது. இங்கே பழைய துப்பாக்கி வாங்குகிறவர் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் அப்பா, அவர் மலிவாகக் கிடைக்குமா என்றுதான் பார்ப்பார். முதலீடு என்ற நினைப்பே வேண்டாம்.

கேள்வி (சேலம்): ஃபெயின்வெர்க்பாவ் 603 என்ற ஜெர்மன் ஏர் ரைபிள் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. உற்பத்தியே இல்லாத மாடல். வாங்கலாமா?

தாராளமாகப் பாருங்கள். 1984-இல் வந்த 600-இன் வழிவந்தது அது. பக்கத்தில் உள்ள லீவரை ஒரு முறை இழுத்து மூடினால் அந்த ஒரு குண்டுக்கான காற்று உள்ளேயே அடைபடும். தனிச் சிலிண்டரே கிடையாது, ஆகவே காலாவதி தேதியும் கிடையாது. மேலே நான் சொன்ன பெரிய தலைவலி இதில் இல்லவே இல்லை. பார்க்க வேண்டியது பிஸ்டன் சீல்: லீவரை மூடிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துச் சுடுங்கள், அடுத்ததை மூடிய உடனே சுடுங்கள், இரண்டு சத்தமும் ஒன்று போல இருக்க வேண்டும். காத்திருந்து சுட்டது சோர்ந்து கேட்டால் சீல் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் லீவர் இழுக்க வேண்டும், போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு, பயிற்சிக் குண்டுகள் வேறு, பத்து வயதுப் பிள்ளைக்குத் தோள் வலிக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல் என்றால் அருமையான துப்பாக்கி.

கேள்வி: பழைய மாடலைப் போட்டியில் தடை செய்துவிட மாட்டார்களா?

மாடல் பெயரை வைத்து விதி இல்லை. 4.5 மி.மீ. குழல், மொத்த எடை 5.5 கிலோவுக்குள், மற்ற அளவுகள் சரி, அவ்வளவுதான். அளவுக்குள் இருந்தால் அப்பா காலத்துத் துப்பாக்கியும் சுடும்.

கேள்வி (ஈரோடு): என்னிடம் இருப்பது லைசென்ஸ் உள்ள, வெடிமருந்துத் தோட்டாவில் சுடும் .22 ரைபிள். இந்த மாடலும் நிற்கப்போகிறது. இதே அறிவுரைதானா?

இல்லை, உங்கள் நிலைமை வேறு, கொஞ்சம் கஷ்டமும்கூட. 4.5 மி.மீ. அளவில், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, எங்கள் போட்டித் துப்பாக்கி அதில் பாதியைக்கூடத் தொடாது. ஆனால் .22 ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது, சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி. ஆகவே வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம், லைசென்ஸ் உள்ள டீலர் வழியாக மட்டும் கேளுங்கள். ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கிற ஊசி), எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவை இழுக்கிற கொக்கி), அவற்றின் ஸ்பிரிங், இந்த மூன்றுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள், வந்துசேர நாளாகும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸில் இரண்டு ஆயுதம்தான், அதனால் உதிரிக்காக இன்னொரு பழைய ரைபிள் வாங்கலாம் என்ற யோசனையையும் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், பிளஸ் டூ மாணவி): பரீட்சைக்காக ஒரு வருடம் சுடப் போவதில்லை சார். அதற்குள் மாடலே நின்றுவிட்டால்?

நின்றால் நிற்கட்டும்மா, நீ நிம்மதியாகப் படி. சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியாக வை, முழுக்கக் காலி செய்யாமல் கொஞ்சம் காற்று உள்ளேயே இருக்கட்டும். பெட்டியில் உள்ள ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சும், அதனால் உங்கள் ஊர் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பெட்டியைத் திறந்து காற்றாட விடச் சொல்லி வீட்டில் சொல், இரும்புப் பாகங்களைத் துணியால் துடைத்தால் போதும். சிலிண்டர் தேதியை ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடு. அடுத்த வருடம் ரேஞ்சுக்கு வரும்போது முதலில் அந்தத் தாளை எனக்குக் காட்டு, சீல் மாற்றித் தருகிறேன்.